பார்த்துக்கொள் என்னும் சொல்

வெளியே புறப்படும் தாய் வாசற்படியில் ஒரு கணம் நின்று, திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகும் சொல் ஒன்று உண்டு: “தம்பியைப் பார்த்துக்கோ.” விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குக் கூடையோடு விரையும் தாயும் இதைச் சொல்கிறாள், பொன்மலையிலிருந்து அலுவலகத்துக்குப் புறப்படும் தாயும் சொல்கிறாள், ஸ்ரீரங்கத்து வீதிகளில் வீட்டுவேலைக்குச் செல்லும் தாயும் சொல்கிறாள். கேட்டுக்கொண்டு நிற்பவள் பெரும்பாலும் 12, 13 வயதுச் சிறுமி. “சரிம்மா” என்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. அந்த நொடியிலிருந்து ஓர் உயிருக்கு அவளே காவல்.

அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை செயல்கள் அடங்கியிருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பசித்தால் ஊட்டு; அழுதால் தேற்று; விழாமல் பிடி; நெருப்பண்டை விடாதே; தண்ணீரண்டை விடாதே; யார் வந்தாலும் கதவைத் திறக்காதே; ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வதென்று நீயே தெரிந்துகொள். இவ்வளவும் அச்சொல்லுக்குள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சமையல் கற்றுத் தருகிறோம். தையல் கற்றுத் தருகிறோம். மிதிவண்டி ஓட்டப் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடுகிறோம். குழந்தையைக் கையில் கொடுக்கும்போது மட்டும், ‘பெண் பிள்ளைதானே, தானாக வந்துவிடும்’ என்று விட்டுவிடுகிறோம். அன்பு தானாக வரும், அதில் ஐயமில்லை. ஆனால் அறிவு தானாக வருவதில்லை. இந்த வேறுபாட்டைக் குறித்துச் சில எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர்களுக்கு மலைக்கோட்டையின் தலபுராணம் தெரியாமலிருக்காது. பூம்புகாரிலிருந்து மகளின் பேறுகாலத்துக்கு வந்துகொண்டிருந்த தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே தங்கிவிடுகிறாள். இக்கரையில் மகள் தனியே தவிக்கிறாள். அப்போது இறைவனே அத்தாயின் உருவில் வந்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து மகப்பேறு பார்த்தார் என்பது கதை. அதனாலேயே அவருக்குத் தாயுமானவர் என்று பெயர். நம் இந்துச் சகோதரர்களின் வழிபாட்டுக்குரிய கதை இது. எனினும், இவ்வூர்க்காரர் எவரும் அந்தப் பெயரின் அழகை உணராமலிருக்க முடியாது. தாய் வந்து சேரும்வரை தாயின் இடத்தில் நிற்பது கடவுளே இறங்கிவந்து செய்யத்தக்க பணி என்று நம் முன்னோர் கருதியிருக்கிறார்கள். அதே பணியை நாம் ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் இரண்டு சொற்களில் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம்.

இன்னோர் ஆற்றங்கரைக் கதையும் நமக்குத் தெரியும். விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில், நைல் நதியின் நாணல்களுக்கிடையே பேழையில் கிடத்தப்பட்ட குழந்தை மோசேயைத் தொலைவில் நின்று கவனித்தவள் அவனுடைய அக்காள். அவள் செய்தவற்றை நிதானமாக எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இடத்தை விட்டு அகலவில்லை. கண்ணை எடுக்கவில்லை. அரசகுமாரி வந்தபோது அஞ்சி ஓடாமல், பெரியவரிடம் பேச வேண்டியதைத் தெளிவாகப் பேசினாள். பிறகு, குழந்தையைக் காக்க வல்ல ஒருவரை, தன் தாயையே, விரைந்து அழைத்து வந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எந்தப் பிள்ளைக்கும் இந்த நான்குமே போதிய பாடத்திட்டம். அவள் ஆற்றில் குதிக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். தன்னால் இயலாததைத் தானே செய்ய முயலாமல், இயன்றவரை அழைத்ததில்தான் அவளுடைய அறிவு விளங்குகிறது.

இப்பொருளில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். நான் என் அக்காவின் இடுப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்குப் பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை. அம்மா, அந்நாளில் திருச்சியில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட செயற்கை வைரக்கல் தீட்டும் பட்டறைக்குப் போய்வந்தார். நாங்கள் ஐந்து பேர். அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து 33 ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றினேன். என் படிப்புக்கு அவள் தன் படிப்பைக் கொடுத்தாள் என்று சொன்னால் அது மிகையாகாது.

கடைசித் தம்பிக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு பிற்பகலில் கடும் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்துவிட்டது. வீட்டில் பெரியவர்கள் இல்லை. அக்காவுக்கு அப்போது 13 வயது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். ஒருவர் வாயில் கரண்டியை வைக்க முயன்றார். ஒருவர் தண்ணீர் புகட்டச் சொன்னார். தம்பி பிழைத்துக்கொண்டான், இன்று பேரன் எடுத்துவிட்டான். ஆனால் அக்காவோ அதன்பின் பல ஆண்டுகள் இரவில் எழுந்து, அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். அறுபது வயதைக் கடந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “எனக்கு அப்போ ஒண்ணுமே தெரியாதுடி. கொஞ்சம் தெரிஞ்சிருந்தா அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.”

வலிப்பு வந்த குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. இரும்பால் பயன் இல்லை. உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அதற்கு ஈடாக அவள் தன் உறக்கத்தைப் பல ஆண்டுகள் கொடுத்தாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு இந்த நினைவு என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலித் தோழி ஒருவரோடு சேர்ந்து, மே விடுமுறையில் 12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஏழு பிற்பகல் வகுப்புகளை நடத்தத் தொடங்கினேன். இது புதிய எண்ணமன்று. 1979-ஆம் ஆண்டு அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்படவிருந்தபோது, 1978-இல் இலண்டனில் ‘குழந்தையிலிருந்து குழந்தைக்கு’ என்னும் இயக்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான குழந்தை மருத்துவர் டேவிட் மார்லி முன்னர் நைஜீரியாவில் பணியாற்றியவர். ஏழை நாடுகளில் சிறு குழந்தைகளைப் பகலெல்லாம் சுமப்பவர்கள் அண்ணன்மாரும் அக்காமாரும்தாம். ஆகவே நலவாழ்வுக் கல்வியை அவர்களிடமே கொடுப்போம் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. கனடா நாட்டிலோ, அண்டைவீட்டுக் குழந்தையைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கமே பயிற்சி அளிக்கிறது. அங்கே அது கைச்செலவுக்குப் பணம் ஈட்டும் வழி. இங்கே அது குடும்பக் கடமை. குழந்தையின் மூச்சுக்குழல் மட்டும் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

பாடங்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று எண்ணியபோது, நம் இலக்கியமே வழிகாட்டியது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்துக்கும் இவ்வூருக்கும் நெருங்கிய உறவுண்டு. உ. வே. சாமிநாதையரின் ஆசிரியரும், பிள்ளைத்தமிழ் நூல்கள் பல பாடியவருமான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திரிசிரபுரத்தார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழு ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானவை: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. குழந்தை வளர வளர அதற்கு என்ன இயலும் என்பதைப் புலவர்கள் அவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள். குழந்தைக்குப் புதிதாக எது இயலுமோ, அதுவே புதிதாக வரும் ஆபத்துமாகும். ஆகவே ஏழு பருவத்துக்கும் ஏழு பிற்பகல்.

காப்புப் பருவம் கைக்குழந்தைக்குரியது. தூக்குமுன் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையின் தலைக்குக் கை கொடுக்க வேண்டும். உறங்க வைக்கும்போது மல்லாந்து கிடத்த வேண்டும். முகத்தருகே தலையணையும் கனத்த போர்வையும் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவுவது நம்மிடையே வழக்கம். மருத்துவர்கள் அதை வேண்டாமென்கிறார்கள், அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால். பாட்டி சொன்னாலும் இதைப் பணிவோடு மறுக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம்.

செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகிறது. நேற்றுவரை கட்டிலில் கிடத்திய இடத்திலேயே கிடந்த குழந்தை இன்று உருண்டு விழும். ‘இதுவரை விழுந்ததில்லை’ என்பது காவலாகாது. தரையில் பாய் விரித்து விடுவதே நல்லது.

தால் என்பது தாலாட்டு. நம் வீடுகளில் தாலாட்டு என்றால் தூளி. பழைய சேலையின் மென்மைக்கு ஈடு இல்லைதான். ஆனால் குழந்தை இறங்கியபின், பெரிய பிள்ளைகள் அதில் ஏறிச் சுழன்று முறுக்கி விளையாடுவதால், சேலை கழுத்தில் இறுகி உயிர் போன துயரங்கள் நம் மாநிலத்தில் பலமுறை நிகழ்ந்திருக்கின்றன. குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்தோ, உயரத் தூக்கிக் கட்டியோ வைக்க வேண்டும். இந்த வகுப்பன்று ஒரு சிறுவன் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தூளியைத் தூக்கிக் கட்டினான் என்று அவன் தாய் எனக்குச் சொன்னார்.

சப்பாணி கொட்டும் குழந்தைக்கு உட்காரத் தெரியும்; கைகள் விடுதலை பெற்றுவிட்டன. கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குப் போகும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சீத்தாப்பழ விதை, நாணயம், பொத்தான், ஊக்கு. இன்றைய விளையாட்டுப் பொருள்களில் இருக்கும் வட்டமான சிறு மின்கலம் எல்லாவற்றிலும் கொடியது. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். கற்பூரமும் குழந்தைக்கு நஞ்சே. தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிவைத்த கழிவறை அமிலத்தையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மூச்சுக்குழலில் ஏதேனும் அடைத்துக்கொண்டு குழந்தையால் அழவோ இருமவோ இயலவில்லையென்றால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுவதும், பிறகு மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துவதுமான முறையைச் செவிலித் தோழி பொம்மையை வைத்துச் செய்துகாட்டுவார். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். இதை வாசித்து மட்டும் கற்க முடியாது. ஆகவே, அருகிலுள்ள மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் கேட்டுப் பழகும்படி வாசகர்களையும் வேண்டுகிறேன்.

முத்தப் பருவத்துப் பாடத்தை நாங்கள் சற்றுத் தாழ்ந்த குரலில் நடத்துகிறோம். சளி பிடித்தவர் குழந்தையின் முகத்தில் முத்தமிட வேண்டாம் என்பதில் தொடங்கி, குழந்தையின் உடலை யார், எப்போது, எதற்காகத் தொடலாம் என்பதில் வந்து நிற்கிறோம். இது கைக்குழந்தைக்கு மட்டுமன்று, அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் தனித்திருக்கும் 13 வயதுச் சிறுமிக்கும் சிறுவனுக்கும் உரிய பாடம். ‘அப்பா அனுப்பினார்’ என்று வருபவர், தெரிந்த முகமாகவே இருந்தாலும், பெரியவர் வரும்வரை வாசலுக்கு வெளியே நிற்கட்டும். உறவினர் என்பதற்காக எந்தத் தொடுதலையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று எவர் சொன்னாலும் அதையே முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும், ஆண், பெண் என்ற வேறுபாடின்றிக் காக்கிறது. குழந்தைகளுக்கான 1098 என்னும் எண்ணையும், அவசர ஊர்திக்கான 108-ஐயும் ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்லிய பிறகே வகுப்பு கலையும்.

வருகைப் பருவம் வந்தால் வீட்டில் மகிழ்ச்சி. ஆபத்தும் அப்போதுதான் மிகுதி. நடக்கத் தெரிந்த குழந்தைக்கு வாளியும் கிணறுதான். தலை கனத்த சிறு குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால், அரை வாளித் தண்ணீரிலிருந்துகூட எழ இயலாது, கூக்குரலும் கேட்காது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். வங்கதேசத்தில், சிறு குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் என்று கண்டறிந்தார்கள். வேறொன்றுமில்லை, தாய்மார்கள் அடுப்படியிலும் வேலையிலும் மூழ்கியிருக்கும் நேரம் அது. அந்நேரத்தில் குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தபோது மரணங்கள் பெரிதும் குறைந்தன. மருந்தோ கருவியோ அங்கே வேலை செய்யவில்லை. ஒரு மனிதரின் கண் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்திலும், உய்யக்கொண்டான் வாய்க்காலின் ஓரமாக நகரத்திலும் வாழும் நமக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் கூடும் கூட்டத்தில், தங்கையின் விரலைப் பிடித்தபடி நிற்கும் சிறுமிகளைப் பார்க்கிறேன். விரலைப் பிடித்தால் நழுவும். மணிக்கட்டைப் பிடி என்று கற்பிக்கிறோம். நேற்று முழங்காலளவு ஓடிய ஆறு, மேலே தண்ணீர் திறந்துவிட்டால் இன்று அப்படியிராது. பெரியவர் துணையின்றிக் குழந்தையோடு ஆற்றங்கரைக்குப் போவதில்லை என்பது எங்கள் வகுப்பில் விதிவிலக்கற்ற விதி. தம்பி தண்ணீரில் விழுந்துவிட்டால் நீந்தத் தெரியாத அக்காள் குதிக்கக் கூடாது. கூவி அழைக்க வேண்டும். நீண்ட கழியையோ சேலையையோ மிதக்கும் வெற்றுக் குடத்தையோ நீட்ட வேண்டும். நைல் நதிக்கரையில் நின்ற அந்தச் சிறுமியை அப்போது நினைவூட்டுகிறேன்.

நிலத்திலும் பள்ளங்கள் உண்டு. 2019 அக்டோபர் 25 அன்று நம் மாவட்டத்தில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததையும், நான்கு நாள் நாடே வேண்டிக்கொண்டிருந்ததையும், 29-ஆம் நாள் உயிரற்ற உடல் மீட்கப்பட்டதையும் எவர் மறக்க முடியும்? கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவது பற்றி 2010-இலேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்திருந்தது. அவற்றை மூடுவது பெரியவர்களின் கடமை. எந்தப் பிள்ளையின் தலையிலும் அதைச் சுமத்தக் கூடாது. ஆயினும், மூடாத குழியைக் கண்டால் அதைப் பெரியவரிடம் சொல்லிவிட்டு, மூடும்வரை மீண்டும் மீண்டும் சொல்லும் பிள்ளை நமக்கு வேண்டும். அப்படிச் சொல்லும் பிள்ளையை ‘வாயாடி’ என்று அடக்காத பெரியவர்களும் வேண்டும்.

வருகைப் பருவத்தில் தீக்காயமும் உண்டு. தரையில் இறக்கிவைத்த இரசமும், மேசை விளிம்பில் வைத்த தேநீரும் குழந்தையின் கைக்கு எட்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். இதைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள்; ஒவ்வொரு வீட்டிலும் இவற்றுள் ஒன்று மருந்தாக இருந்திருக்கிறது.

ஏழாவது, அம்புலி. நிலவைக் காட்டி விளையாட அழைக்கும் பருவம். இங்கே ஆபத்து குழந்தையிடம் இல்லை, நம் கையிலிருக்கும் கைப்பேசியில் இருக்கிறது. கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டால் குழந்தையின் கண் போகிறது. தானே பார்த்துக்கொண்டிருந்தால் காவலின் கண் போகிறது. நிலவு, காக்கை, தெருவில் போகும் வண்டி, அடுக்கிவைத்த பாத்திரங்கள், ஒரு கதை இவற்றைக் கொண்டே இரண்டு மணி நேரத்தைக் கழிக்க ஒவ்வொரு பிள்ளையையும் பழக்குகிறோம்.

எளிய மனிதர்களின் கையில் சரியான அறிவைக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கியது. அன்று புகட்டியவர்கள் தாயும் தமக்கையும்தாம். இன்று பொட்டலமாகக் கிடைக்கும் அந்தக் கரைசலை, பொட்டலத்தில் எழுதிய அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்ட எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தெரியும். பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

இத்தனை பாடங்களிலும் கடினமானது, பருவப் பட்டியலில் இல்லாத ஒன்று. ஒரு வகுப்பில் 14 வயதுச் சிறுவன் எழுந்து கேட்டான்: “டீச்சர், என்ன செஞ்சாலும் அழுகையை நிறுத்தலைன்னா? எனக்குக் கோபம் வருது.” பிள்ளைகள் அமைதியானார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் கேட்டதை எல்லோரும் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது விளங்கியது. கோபம் வருவது பாவமன்று, அது களைப்பின் மறுபெயர் என்றேன். பசியா, ஈரமா, காய்ச்சலா, எறும்பு கடித்ததா என்று பார்; எதுவும் இல்லையெனில் குழந்தையைத் தரையில் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, கண்ணில் படும் தொலைவில் தள்ளி நின்று, நூறு எண்ணு; பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடு. எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்து உலுக்காதே. பச்சிளம் மூளை அதைத் தாங்காது. உதவிக்கு ஆள் கூப்பிடுவது தோல்வியன்று. அவன் உட்கார்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. என் அக்காவிடமும் யாரேனும் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று மாலை வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் சிறுவன் என்பதையும் கவனியுங்கள். முதல் ஆண்டில் பெற்றோர் பெண் பிள்ளைகளை மட்டுமே அனுப்பினார்கள். ‘ஆண் பிள்ளைக்கு எதற்கு?’ என்று கேட்டவர்களிடம், நாளை அவனும் ஒரு குழந்தைக்குத் தகப்பனாவான் அல்லவா என்று திருப்பிக் கேட்டேன்.

பயிற்சி கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பாரத்தைக் கூட்டிவிடக் கூடாது என்பதே பெரியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009-இல் இயற்றப்பட்ட சட்டம் கூறுகிறது. 14 வயதுக்குட்பட்டோரை வீட்டுவேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாதென்றது. பள்ளி நேரம் போகத் தன் குடும்பத்துக்கு உதவுவது வேறு. அண்டைவீட்டில் சம்பளத்துக்குக் குழந்தை பார்க்க அனுப்புவது வேறு. தன் வீட்டிலேயே ஆனாலும், தம்பிக்காக வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாத அக்காள், உதவி செய்யவில்லை, தன்னையே இழந்துகொண்டிருக்கிறாள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் நம் தெருக்களிலும் இருக்கின்றன. குழந்தையை அங்கே சேர்ப்பது, அக்காளின் புத்தகப் பையை மீட்டுக் கொடுப்பதாகும். ஓர் அன்பியத்தில் இருபது குடும்பங்கள் இருந்தால், பகலில் வீட்டிலிருக்கும் ஒரு பாட்டியோ தாத்தாவோ, ‘எது நேர்ந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டு’ என்று அப்பிள்ளைகளிடம் சொல்லலாம். அதற்குப் பணம் வேண்டாம். கூட்டமும் தீர்மானமும் வேண்டாம்.

கடைசி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளைக் கொடுத்து, ‘அம்மா வெளியே போகும்போது உன்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?’ என்று எழுதச் சொல்வது வழக்கம். பெயர் எழுத வேண்டியதில்லை. அத்தாள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். “எங்கே போறீங்கன்னு சொல்லணும்.” “பாப்பாவுக்கு மருந்து எத்தனை மணிக்குன்னு எழுதி வைக்கணும்.” “போன் பண்ணினா எடுக்கணும்.” “சாப்பிட்டியான்னு என்னையும் கேக்கணும்.” ஒரு தாளில் ஒரே வரி: “எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லிட்டு, அந்த நேரத்துக்கு வரணும்.”

இவற்றுள் எதுவும் செலவு வைக்கும் விண்ணப்பமன்று. எங்கே, எப்போது, யாரைக் கூப்பிடுவது, குழந்தைக்கு என்ன கொடுப்பது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, பிறகு சொல்லுங்கள், “பார்த்துக்கொள்” என்று. திரும்பி வந்ததும் குழந்தையை வாங்குமுன், அதைக் கையில் வைத்திருப்பவளின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவளும் யாரோ பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைதான்.